அறுந்துபோன நேர்முகம்

செவ்வாய் இரவு, எத்தாளை

இன்று மாலை நாலு மணிக்குக் கொழும்பு நிறுவனம் ஒன்றின் நேர்முகம், வீடியோவில். வீட்டிலிருந்தே செய்யும் மொழிபெயர்ப்பு வேலை. வாப்பா கடலுக்குப் போவதை விட்ட பிறகு வீட்டில் உழைக்க ஒருவருமில்லை.

சிம் போட்ட ரவுட்டரில் காலையில் இணையம் பறந்தது. நாலு மணிக்கு ஊரே போனோடு உட்காரும் என்பதை நான் யோசிக்கவில்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதே நேர்முகம் எடுத்த பெண்ணின் முகம் அப்படியே நின்றுவிட்டது. "உங்கட குரல் கேக்குதில்ல" என்றார். பிறகு திரையில் ஒன்றுமில்லை.

சிம் நிறுவனத்தின் சேவை இலக்கத்துக்கு அழைப்பு எடுத்து, விளம்பரத்தில் சொன்ன வேகம் எங்கே என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"அது ஆகக் கூடின வேகம் மிஸ். ஒரு டவர எல்லாரும் பங்கு போட்டாக் குறையும். நீங்க டவருக்குத் தூரமும்" என்றாள் போனில் பேசிய பிள்ளை. அவளைக் குறைசொல்லி என்ன பயன்?

மஹ்ரிப் தொழுகைக்குப் பிறகு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். அதை வாசித்துக்கொண்டிருந்தபோது வாப்பா அறை வாசலில் வந்து நின்றார்.

"திரும்பக் கூப்பிடுவாங்கதானே மகள்?"

"ஓம் வாப்பா."

"அப்ப நாளைக்கு ரவுட்டரக் கூரைக்கு மேல கம்புல கட்டுவம். அடுத்த முறை அறுபடாது."

அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை. இப்போது பின்வளவில் அவர் கம்பு சீவும் சத்தம் கேட்கிறது. விடிந்ததும் நான்தான் ஏணியைப் பிடிக்க வேண்டும்.