இஸ்திரி போட்ட பில்கள்

என்னங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. ராத்திரியே நீங்கள் சாப்பிடவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நான் மருந்துக்கடைக்கும் எலும்பு ஆஸ்பத்திரிக்கும் போகிறேன். கசங்கின பில்லை ஆடிட்டரிடம் எப்படி நீட்டுவது என்றுதானே இஸ்திரி போட்டீர்கள்? சூடு பட்டால் அந்தத் தாள் கறுத்துப்போகும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பாப்பா காலுக்கு ஒரு வருஷம் செலவழித்ததற்கு அத்தாட்சி அதுதான். இனி வரியில் ஒன்றும் கழிக்க மாட்டார்கள் என்ற பயத்தில் கத்திவிட்டேன்.

காலையில் ஆடிட்டருக்குப் போன் பண்ணினேன். "பதறாதீங்கம்மா. கடையில நகல் வாங்கி சீல் போட்டு எடுத்துட்டு வாங்க, பேங்க் கணக்கோட ஒத்துப்போனா போதும். இனிமே பில்லு வந்த அன்னிக்கே போன்ல படம் எடுத்து வச்சிருங்க" என்றார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு போனிலேயே கேட்டது.

மேசையில் மிச்சம் இருக்கும் பில்களைத் தொட வேண்டாம்.

"உங்களால ஒரு உபகாரமும் இல்ல" என்றேனே, அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். லிப்ட் ஓடாத நாளெல்லாம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினது நீங்கள்தான். அதற்கு யாரும் பில் தரவில்லை.

பள்ளி விட்டதும் அவளைக் கூட்டி வாருங்கள். வீட்டைப் பூட்டினால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

இன்னொன்று. நாளைக்கு ஆடிட்டரிடம் நீங்களும் வாருங்கள். எல்லாவற்றுக்கும் தனியாகப் போய் உட்கார்ந்து அலுத்துவிட்டது.