லூசியாவின் தலைமுடி

ஹென்னிங்,

மாலை வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். பட்டாணி சூப்பைச் சூடாக்கிக்கொள். துணிக்கு அடியில் இருக்கும் குங்குமப்பூ பன்கள் நாளை லூசியா ஊர்வலத்துக்கு; தொடாதே.

நேற்று நம் ஸ்வேயாவை அதட்டியது என் தவறுதான். பள்ளியில் சீட்டுக் குலுக்கியபோது, தலையில் மெழுகுவர்த்திக் கிரீடத்தோடு ஊர்வலத்தின் முன்னே நடக்கும் லூசியாவாக அவள் தோழி ஹோதனின் பெயர் வந்தது. "கறுப்பு முடி வச்சுக்கிட்டு எப்படி லூசியா ஆவே?" என்று நம் மகள் கேட்டிருக்கிறாள். இப்போது அந்தக் கிரீடமே வேண்டாம் என்கிறாளாம் ஹோதன். நீ, "சின்னப் புள்ள, விடு ரூனா" என்றாய். நான் நீளமாகப் பாடம் நடத்தினேன். இரண்டாலும் பலனில்லை.

இன்று நிதானமாகக் கேட்டேன், "அப்படின்னு உனக்கு யாரு சொன்னா?"

"நீதாம்மா. ஜன்னலப் பாரேன்."

பார்த்தேன். வருடத்துக்கு ஒன்றாக நான் வெட்டி ஒட்டிய ஆறு காகித லூசியாக்கள். ஆறு தலையும் மஞ்சள். அவற்றின் பின்னால் பனி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்கு ஹோதனை அவள் அம்மா கூட்டி வருவார். வண்ணப் பென்சில்கள் மேசையில் இருக்கின்றன. இருவரும் புதிதாக வரையட்டும். மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஸ்வேயாவை நெருக்காதே.

ரூனா

பி.கு.: நான் பூட்ஸ் மாட்டும்போது ஸ்வேயா என் காதில் சொன்னாள்: "அம்மா, ஹோதனோட கறுப்பு முடியிலதான் மெழுகுவத்தி நல்லாத் தெரியும். நட்சத்திரம் மாதிரி இருக்கும்ல?" இதையும் திருத்த வேண்டுமா என்று ஒரு பூட்ஸோடு நின்று யோசித்தேன். தெரியவில்லை. ஹோதனிடம் அவளே சொல்லட்டும், நீ முந்திக்கொள்ளாதே.