தாடையில் இறங்கிய போல்ட்

குட்டிம்மாவின் அம்மாவுக்கு,

நான் நலம். அத்தைக்கு முட்டிவலி குறைந்ததா? வீடியோவில் முகம் காட்டாததற்கு நீ முறைத்துக்கொண்டிருப்பது தெரியும். விஷயம் சின்னதுதான். ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் வழுக்கி வாயில் பட்டு, கீழ் முன்பல் இரண்டும் போய்விட்டன. போனில் பேசினால் பாதி காற்றாகப் போகிறது, அதனால் எழுதுகிறேன்.

நேற்று டாக்டர் தாடை எலும்பில் துளை போட்டு, பல்லுக்கு வேராக இரண்டு போல்ட் இறக்கினார். மரத்துப்போனதால் வலி இல்லை. ஆனால் தினமும் போல்ட் முடுக்குகிறவனுக்கு, கூடுதலாக முடுக்கினால் என்ன ஆகும் என்று தெரியாதா? எலும்பு விரிசல் விட்டுவிடுமோ என்று ஒவ்வொரு திருப்புக்கும் உயிர் போய் வந்தது. கடைசியில் அவர் கையையே பிடித்துவிட்டேன்.

“விடுங்க, அளவு வந்ததும் இந்தக் கருவி தானா நின்னுடும்,” என்றார். “கூட யாரும் வரலையா?”

வாய் நிறையப் பஞ்சு. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

எலும்பு போல்ட்டைப் பிடித்துக்கொண்டால்தான் பல் மாட்டுவார்களாம். அதற்குச் சில மாதம் ஆகும். பிடிக்குமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. ஒன்றே ஒன்று. பால்பல் விழுந்ததும் பொக்கைவாய் என்று எல்லோரும் கிண்டல் செய்வதால் குட்டிம்மா வாயே திறப்பதில்லை என்றாயே, இதைப் படித்ததும் அவளை வீடியோவில் உட்காரவை. முதலில் நான் சிரிக்கிறேன்.