கடைசி வீட்டுப் பொட்டி

மார்ச் 4, 2025
மாடியில் குடியிருக்கும் மேகனா கரண்ட் இன்ஜினியர். லைனில் கடைசி வீடு என்னுடையது என்பதால் ஹாலில் ஒரு பொட்டி மாட்டினாள். இங்கே வோல்டேஜ் எவ்வளவு என்று அது சொல்லிக்கொண்டே இருக்குமாம். அதை வைத்து டிரான்ஸ்பார்மரில் உள்ள மெஷின், வோல்டேஜ் எப்போது விழும் என்று யூகித்து, விழுவதற்கு முன்பே ஏற்றிவிடுமாம்.
"ஜோசியம்னு சொல்லு. எனக்கு ரெண்டாங் கல்யாணம் எப்போன்னு கேளு."
"தாத்தா! இந்த பிளக்ல வேற எதுவும் மாட்டாதீங்க, ஆய்த்தா? அது உங்களை நம்பித்தான் இருக்கு." கன்னடக்காரி, 'சரியா' என்பதை 'ஆய்த்தா' என்றுதான் கேட்பாள்.

மார்ச் 9
மாட்டினேன். அதே பிளக்கில் ஹீட்டர் ராடு. வீட்டு ஒயர் பழசு, ராடு போட்டாலே பல்பு மங்கும். ஜோசியர் முழிக்கட்டும்.

மார்ச் 16
தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ராடு. தண்ணீர் கொதிக்கிறது, குளிக்கத்தான் ஆளில்லை.
"ஏன் தாத்தா, ஆறு மணிக்கு இங்க மட்டும் டவுன் ஆகுது?"
"கொசுவெல்லாம் வந்து கரண்ட் குடிக்குதும்மா."
விழுந்து விழுந்து சிரித்தாள்.

மார்ச் 23
மாவு அரைத்து விற்கிற கமலம்மாளின் கிரைண்டர் மோட்டார் கருகிவிட்டது. அவள் பிழைப்பே அதுதான்.
மேகனா படியில் உட்கார்ந்திருந்தாள். "ஆறு மணிக்கு விழும்னு மெஷின் கத்துக்கிச்சு தாத்தா. முன்னாடியே எல்லாருக்கும் ஏத்திருச்சு. கமலம்மா வீடு டிரான்ஸ்பார்மர் பக்கம், அங்க ஏற்கனவே ஜாஸ்தி. நாளன்னிக்கு எங்க ஆபீஸ்ல மீட்டிங். எல்லாத்தையும் கழட்டிடுவாங்க. தப்பு என் மேலதான்."
மெஷின் எங்க கத்துக்கிச்சு... நான்ல சொல்லிக் கொடுத்தேன்! வாயைத் திறந்தேன். "காபி குடிக்கிறியாம்மா?"ன்னு கேட்டேன். தூ.

மார்ச் 24
சொல்லலை.
கமலம்மாள் தெருவில் பார்த்து, "என்ன ரங்கராஜண்ணா, இன்னிக்கு வம்பு ஒண்ணும் காணோம்?" என்றாள். கையெல்லாம் மாவு. யார் வீட்டிலோ ஆட்டுக்கல்லில் அரைத்துவிட்டு வருகிறாள்.

மார்ச் 25
ராடைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு மீட்டிங்குக்குப் போனேன். எட்டாவது பெயிலானவன், அத்தனை இன்ஜினியர்கள் நடுவில். மேஜைமேல் வைத்தேன்.
"மெஷின் தப்பு பண்ணலை சார். நான் தினம் அதுகிட்ட பொய் சொன்னேன்."
பெரிய அதிகாரி, "விளையாட்டுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒருத்தர் சிரித்தே விட்டார். மேகனா சிரிக்கவில்லை. அவளைச் சிரிக்க வைக்கத்தானே எல்லாம்?

ஏப்ரல் 2
மெஷினைக் கழற்றவில்லை. கமலம்மாள் வீட்டிலும் ஒரு பொட்டி வைத்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும் பார்த்துத்தான் இனி ஏற்றுமாம். கிரைண்டருக்குப் புது மோட்டார் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அண்ணா என்று கூப்பிடவில்லை.
சாயங்காலம் மேகனா வந்தாள்.
"வேற எதுவும் மாட்டலையே?"
"இல்லம்மா."
சரி என்று தலையாட்டினாள். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, பிளக்கிலிருந்து பொட்டி வரைக்கும் ஒயரைக் கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.