சம்பந்தி யோசித்த நேரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினாலே எங்களுக்குப் பாதி நோய் போய்விடும்.

நேற்று போனில் நீ அழுதது இன்னும் காதில் நிற்கிறது. வேற வேற நாட்டு மனுஷங்க ஒருத்தரையொருத்தர் எப்படிப் புரிஞ்சுக்கிறாங்கன்னு படிக்க இவ்வளவு தூரம் வந்துட்டு, என் கல்யாணப் பேச்சுலயே கோட்டை விட்டுட்டேனேப்பா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யோசிச்சுத்தான் பேசுவாங்கன்னு உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், எனக்கெதுக்கு இந்தப் படிப்பு என்றாய். கோட்டை விட்டது நீயில்லை கண்ணு, நான். அன்று வீடியோ காலில் மாப்பிள்ளை வீட்டாரிடம், எங்க பொண்ணை உங்க பொண்ணா வச்சுப்பீங்களா என்று நான் கேட்டதை நீ அவர்கள் மொழியில் சொன்னாய். மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தரையைப் பார்த்தார், வாயே திறக்கவில்லை. நம் லேத் பட்டறையில் கூலியைச் சொன்னதும் வேலை கேட்டு வந்தவன் தரையைப் பார்த்தால் அடுத்த பட்டறைக்குக் கிளம்புகிறான் என்று அர்த்தம். அவர் முடியாது என்று சொல்லி, அதை நீயே உன் வாயால் எங்களுக்கு மொழிபெயர்க்க வேண்டி வந்துவிடுமோ என்று பதறிப்போய் போனை அணைத்துவிட்டேன். நெட் போயிடுச்சும்மா என்றது பச்சைப் பொய். பெரிய கேள்விக்குப் பட்டென்று பதில் சொன்னால் அவர்களுக்கு மரியாதைக் குறைவு என்று நீ நேற்றுச் சொன்ன பிறகுதான் இந்த மண்டையில் ஏறியது. பாவம், அந்த மனுஷன் நான் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டதாக நினைத்து வருந்துகிறாராமே.

படிப்பை விடுகிறேன் என்று மட்டும் சொல்லாதே. உன் துறை பிறந்த கதையை நீதானே எனக்குச் சொன்னாய். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, வெளிநாட்டு வேலைக்குப் போகும் அதிகாரிகளுக்கு மொழியும் சரித்திரமும் கற்றுக்கொடுத்தார்களாம், அவர்களோ இதெல்லாம் இருக்கட்டும் சார், எதிராளி ஏன் இவ்வளவு கிட்ட வந்து நிக்கிறான், ஏன் காக்க வைக்கிறான், அதைச் சொல்லுங்க என்று முனகினார்களாம். அந்த முனகலைக் காதுகொடுத்துக் கேட்ட வாத்தியார்களால்தான் நேரம், இடைவெளி, மௌனம் எல்லாம் பாடமாகி, புத்தகமாகி, பிறகு கல்லூரிகளில் தனித் துறையாகவே ஆனது என்றாய். இதுக்கெல்லாமா டிகிரி என்று அன்று சிரித்தேன். ஒரு நாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி என்று எழுதுவது தப்பு என்று பின்னால் வந்தவர்கள் சண்டைக்கு நின்றார்களாமே, ரொம்பச் சரி, ஒரே கூரைக்குள் நானும் உன் அம்மாவுமே இரண்டு தேசம். சொதப்புகிறவன் இல்லாவிட்டால் உன் துறையே இல்லை, அந்தக் கணக்கில் உன் அப்பாவும் அதற்குத் தொண்டு செய்தவன்தான்.

எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். பொண்ணைப் பத்திக் கேட்டதும் சட்டுனு தலையாட்டியிருந்தாத்தான் பயப்படணும், அந்த மனுஷன் நெசமாவே யோசிச்சிருக்காரு, நல்ல எடந்தான் போங்க என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை பார். அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுகிறேன். நான் பயந்துதான் போனை அணைத்தேன் என்று அவரிடம் உள்ளபடியே சொல்லிவிடு. அதே கேள்வியைத்தான் கேட்பேன், போன் அம்மா கையில் இருக்கும். அவர் எவ்வளவு நேரம் தரையைப் பார்த்தாலும் சரி, நீ நடுவில் எதுவும் சொல்லி நிரப்பாதே, நானும் வாய் திறக்க மாட்டேன்.

நல்லா இரு தாயே, உன் மனசுபோல் எல்லாம் நடக்கும். குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள், பரீட்சைக்குப் பணம் கட்ட மறக்காதே.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அப்பா