சாரி-கெச்சூ ஆற்றில் நடந்தது வழுக்கி விழுந்த சாவு அல்ல

அனுப்புநர்
பாக்தகுல், க/பெ. காலஞ்சென்ற கொச்கோர்,
சாரி-கெச்சூ கிராமம்.

பெறுநர்
மாவட்ட அரசு வழக்குரைஞர் அவர்கள்.

பொருள்: என் கணவர் கொலையை விசாரிக்கவும், என் குற்றத்தைப் பதியவும் வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே நாற்பத்து மூன்று வீடுகள். ஒரே வாய்க்கால். அதில் நீர் ஏறாவிட்டால் வாதுமை மரமும் இல்லை, கோதுமையும் இல்லை. அந்த நீரை முறை வைத்துப் பங்கிட ஊரார் அமர்த்தியவர் என் கணவர்.

2. வசந்தம் முதல் சரளைக்கல் அள்ளுபவர்கள் ஆற்றைத் தோண்டியதில், நீர்மட்டம் வாய்க்கால் வாயைவிட ஒரு முழம் இறங்கிவிட்டது. ஜூலை 17 காலை என் கணவர் பொக்லைன் முன் போய் நின்றார். அவர்களுடைய மேஸ்திரி ஒரோசாலி, "பெரியவரே, நகருங்க. இல்லேன்னா கல்லோட சேத்து அள்ளிருவேன்" என்றான். "அள்ளிக்கோ தம்பி. வாய்க்காலுக்குத் தண்ணிய விட்டுட்டு அள்ளிக்கோ" என்றார் இவர்.

3. ஒரோசாலி இரும்புக் குழாயால் அவர் பின்மண்டையில் அடித்தான். முழங்கால் அளவு நீரில் மண்டியிட்டார். மறுபடியும் அடித்தான். ஆற்றோர வயலில் இருந்த நான் மண்வெட்டியோடு ஓடினேன். மூன்றாம் அடிக்குக் குழாயை ஓங்கிய கையை வெட்டினேன். இரண்டு விரல்கள் ஆற்றோடு போயின. அவனை லாரியில் தூக்கிப்போட்டுக்கொண்டு அவன் ஆட்கள் ஓடிவிட்டார்கள். என் கணவர் என் மடியில் இறந்தார். ஏதோ சொல்ல வந்தார். வாய் நிறைய இரத்தம்.

4. காவல் நிலைய அதிகாரி, 'பாறையில் வழுக்கி நீரில் மூழ்கிச் சாவு' என்று எழுதினார். என்னைத் தனியே அழைத்து, "அக்கா, இதுல கையெழுத்துப் போட்டா விரலப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. இல்லேன்னா நீங்கதான் உள்ள போவீங்க" என்றார். ஐயா, நான் பயந்து கையெழுத்திட்டேன். அன்று மாலையே பொக்லைன் மீண்டும் ஓடியது.

5. அவர் இறந்த நாற்பதாம் நாள் விருந்தில், அடக்கத்துக்கு முன் உடலைக் கழுவிய இருவரும் என் முகத்தைப் பார்க்காமல் உண்டு எழுந்தார்கள். மண்டை பிளந்திருந்ததை அவர்கள் கண்டவர்கள். நான் போய்க் கேட்டபின், விசாரணையில் கேட்டால் சொல்வதாக இப்போது ஒப்புக்கொண்டுள்ளனர்.

ஆகவே என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதித்து ஒரோசாலி மீது கொலை வழக்குத் தொடர வேண்டுகிறேன். அவன் கையை வெட்டியவள் நான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வியாழன் காலை தங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். பசுவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டேன். திரும்பிப் போக வேண்டிய அவசரம் எனக்கு இல்லை.

இடம்: சாரி-கெச்சூ
நாள்: 27.08.2019

இப்படிக்கு,
பாக்தகுல்