மூன்றாவது வரிசையின் சிரிப்பு

மார்ச் 3, செவ்வாய்

பெட்டி வந்தது. அலுவலகத்தில் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ‘கடைசி அளவு’ தொடர் முழுவதும், ஆறு டிவிடி, கறுப்பு அட்டை. முன்பக்கத்தில் சவப்பெட்டிக் கடையின் கல்லா, அதன்மேல் சுருண்ட அளவுநாடா. கீழே சிவப்பில்: ‘முதன்முறையாக, சிரிப்பொலி இல்லாமல்.’

திருப்பினேன். பின்னட்டையில் என் பெயர். அதற்கு மேலே என் வாக்கியங்கள்.

‘பார்வையாளரின் சிரிப்பு ஒரு காவல்காரன். பயப்பட வேண்டிய இடத்தில் நம்மைச் சிரிக்கச் சொல்லி அதட்டுகிறது. அதை அழித்துவிட்டால் இந்தத் தொடர் தன் முழு உயரத்துக்கு எழும்.’

இரண்டு வருடத்துக்கு முன் இதே பத்திரிகையில் எழுதியது. யாரும் என்னைக் கேட்கவில்லை. பிடுங்கி ஒட்டியிருக்கிறார்கள்.

ஆசிரியர் கண்ணாடித் தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தார். “உங்க பேச்சைக் கேட்டு ஒரு கம்பெனியே வேலை செஞ்சிருக்கு. விமர்சனத்தையும் நீங்களே எழுதிடுங்க. எண்ணூறு சொல், இருபதாம் தேதி.”

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பின்னட்டை தெரியாதபடி பெட்டியைத் திருப்பி வைத்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 4

சொல்லாமல் இருந்து என்ன பயன். விக்கல் அத்தை அம்மாவுக்குப் போன் செய்துவிட்டாள்.

இந்த நோட்டில் அம்மாவின் தொழிலை நான் எழுதியதே இல்லை. கல்லூரி விண்ணப்பங்களிலும் எழுதியதில்லை. ‘இல்லத்தரசி’ என்று போட்டேன். இப்போது எழுதுகிறேன். ஒன்பது வருடம் அம்மா சிரித்தாள். அதுதான் வேலை.

தொலைக்காட்சி நிலையத்து அரங்கில் ஆட்களை உட்கார வைத்துத்தான் நகைச்சுவைத் தொடர்களைப் படம் பிடித்தார்கள். வருகிறவர்கள் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். அவர்களைத் தூண்டிவிட மூன்றாவது வரிசையில் ஆறு பெண்கள். அம்மா முதல் ஆள். அவள் ஆரம்பித்தால் ஐந்து பேரும் பிடித்துக்கொள்வார்கள், பிறகு கூட்டம். விக்கல் அத்தை கடைசி. சிரித்து முடிக்கும்போது அவளுக்கு விக்கல் எடுக்கும். கூட்டம் அதற்கும் ஒரு முறை சிரிக்கும். இரண்டு சிரிப்பு லாபம் என்று நிலையத்தில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்களாம். எனக்கு ரத்த உறவு இல்லை. ஆனால் அத்தை.

“பெட்டி வந்துடுச்சாமே. எங்க?”

“ஆபீஸ்ல இருக்கும்மா.”

“ஆபீஸுக்கு எதுக்கு? அவங்களா சிரிச்சாங்க?”

மார்ச் 6, வெள்ளி

அலுவலகத்தின் சின்ன அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. நாள் முழுக்க நான் மட்டும்.

படத் தெளிவு அருமை. கடைச் சுவரின் ஈரக்கறைகூடத் தெரிகிறது. கடை முதலாளியாக நடித்தவரின் நெற்றியில் வியர்வை. வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் கண்ணாலேயே அளக்கிறார். சிறுவயதில் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது குளிர்கிறது. சொன்னேனே. நான் சொன்னது சரிதான்.

ஆனால் ஒன்று. வசனம் முடிந்ததும் நடிகர்கள் நிற்கிறார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று அன்று நின்றவர்கள். இன்று சிரிப்பு இல்லை, அவர்கள் மட்டும் நிற்கிறார்கள். நமக்குக் கேட்காத எதையோ கேட்டுக்கொண்டு. நன்றாகத்தான் இருக்கிறது. பயங்கரமாக இருக்கிறது. குறிப்பில் ‘எதிர்பாராத மௌனங்கள்’ என்று எழுதினேன், என்ன வெட்கமில்லாத சொல்.

பிறகு நான்காவது டிவிடி. விதவை கடைக்கு வரும் பகுதி.

கடைக்காரர் நீளம் கேட்கிறார். விதவை யோசித்துச் சொல்கிறாள்: “சின்னதே போதும். அவரு எப்பவும் சுருண்டுதான் படுப்பாரு.”

மௌனம். எண்ணினேன். பதினொரு வினாடி. அந்த நடிகை கேமராவுக்குச் சற்று இடப்பக்கம் பார்க்கிறாள். அங்கேதான் மூன்றாவது வரிசை.

நிறுத்திவிட்டேன்.

மார்ச் 7

எழுது. யார் பார்க்கப் போகிறார்கள்.

எனக்குப் பதினொரு வயது. அப்பா இறந்து ஒன்பதாவது நாள் அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்று படம் பிடித்ததுதான் விதவையின் பகுதி. மூன்று வாரம் கழித்து அது ஒளிபரப்பானது. நான் வீட்டில் தனியாகப் பார்த்தேன். ‘சுருண்டுதான் படுப்பாரு’ — உடனே ஒரு சிரிப்பு. தனியாக. வேறு ஒரு குரலும் சேரவில்லை. உலகத்தில் எந்தக் கூட்டத்திலும் அந்தச் சிரிப்பை எனக்கு அடையாளம் தெரியும்.

அது முடிவதற்குள் டிவியை அணைத்தேன். அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பதினேழு வருடமாக.

அழகியல் என்று எழுதினேன். காவல்காரன் என்று எழுதினேன். மேற்கோள், அடிக்குறிப்பு எல்லாம் போட்டு எழுதினேன். ஒரு மண்ணும் இல்லை. எனக்கு அந்த ஒரு சிரிப்பு காதில் விழக்கூடாது, அவ்வளவுதான். அதற்காக ஒன்பது வருடச் சிரிப்பையும் சேர்த்து அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அவர்களும் அழித்துவிட்டார்கள். இவ்வளவு சொல்பேச்சு கேட்கிறவர்களை நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 9, திங்கள்

வெளியிட்ட நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பொறுப்பாளர் என்று ஒருவர். வெண்ணெய் மாதிரிக் குரல்.

“மேடம், நீங்க கேட்டதைத்தானே செஞ்சோம்.”

“நான் கேக்கல. எழுதினேன்.”

“எழுதறதும் கேக்கறதுதானே மேடம்.”

பல்லைக் கடித்துக்கொண்டேன். சிரிப்போடு உள்ள ஒலி எங்கே இருக்கிறது, மெனுவில் ஒரு தேர்வாகவாவது வைக்கலாமே என்றேன். சிரிப்பு மட்டும் தனி நாடாவில் இருந்ததாம். வசன நாடாவை டிவிடிக்கு மாற்றி முடித்ததும் இடம் அடைக்கிறது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். “யாருக்கு மேடம் வேணும் அது? வெறும் இரைச்சல்.”

நான் பேசிய கெட்ட வார்த்தையை இங்கே எழுதவில்லை. அவர் மரியாதை குறையாமல் போனை வைத்தார். அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 14, சனி

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எத்தனை நாள் ஒளித்து வைப்பது. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். வாசலிலேயே விக்கல் அத்தையின் செருப்பு. உள்ளே இரண்டு பேரும் தலை வாரி, நல்ல சேலை கட்டி, சோபாவில் நேராக உட்கார்ந்திருந்தார்கள். அரங்கில் உட்கார்வது போல. சொல்லாமலே முதல் டிவிடியைப் போட்டேன்.

முதல் பகுதி. முதல் நகைச்சுவை. அம்மா அத்தையின் முழங்காலைத் தட்டினாள் — இதோ, கேளு என்பது போல.

ஒன்றும் இல்லை.

“சவுண்டு வை,” என்றாள் அம்மா.

“வெச்சிருக்கும்மா.”

“அவன் பேசறது கேக்குது. நாங்க எங்க?”

அத்தை எழுந்து போய் டிவியின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினாள். இரண்டாவது நகைச்சுவையும் போனது. “செத்த வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கு,” என்றாள் அத்தை. “சவப்பெட்டிக் கடைதானே அக்கா,” என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா அட்டையை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டாள். முன்பக்கம். பின்பக்கம். உதடு அசைய, நிதானமாக, கடைசியில் என் பெயர் வரைக்கும் படித்தாள்.

“காவல்காரன்னு எழுதியிருக்கியே. அது யாரு, நானா?”

“அது பொதுவா சொன்னதும்மா…”

“மூணாவது வரிசைல பொதுவா யாரும் உக்காரல. நாங்க ஆறு பேரு உக்காந்தோம்.”

அத்தை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 15

பேச்சு இல்லை.

மார்ச் 17

இன்றும் இல்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அவள் அறைக்குப் போய்விடுகிறாள். தட்டை வைக்கும் சத்தத்திலேயே திட்டு கேட்கிறது.

எனக்கும் கோபம் வருகிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்? நான் ஒருத்திதான் தப்பா? அந்தப் பதினொரு வினாடிக்கு அவள் பதில் சொல்ல வேண்டாமா?

மார்ச் 18, புதன்

கேட்டுவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். தயாரிப்பு ஒன்றும் இல்லை, வாயில் வந்தது.

“அப்பா போயி ஒம்போது நாள்மா. எப்படிம்மா சிரிச்ச? அதுவும் அந்த வசனத்துக்கு. எப்படி முடிஞ்சுது உன்னால?”

மடிப்பதை நிறுத்தவில்லை. இதற்காகத்தான் எழுதினாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் நான் கத்தியிருக்க வேண்டும், சரியாக நினைவில்லை. அவள் கத்தவில்லை. சொன்னாள்.

அன்று யாரும் சிரிக்கவில்லையாம். அந்த வசனம் வந்ததும் ஐந்து பேரும் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்களாம். அரங்கமே கல் மாதிரி. மேடையில் அந்த நடிகை திகைத்துப்போய் நிற்கிறாள்.

“எனக்கு மட்டும் பொத்துக்கிட்டு வந்துது. ஏன்னு கேளு. ஒம்போது நாள் முன்னாடி நானும் சவப்பெட்டிக் கடைல நின்னு என்ன சொன்னேன் தெரியுமா? ‘அவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க, குறட்டை விடுவாரு’ன்னு சொன்னேன். நெஜமா சொன்னேன். கடைக்காரன் ‘சரிங்கம்மா, ஒருக்களிச்சே வைக்கறோம்’னு சொல்றான். நான் தலையாட்டிட்டு வரேன். அது அப்போ உறைக்கவே இல்ல. அங்க உக்காந்திருக்கும்போதுதான் உறைச்சுது.”

சேலையின் ஓரத்தைச் சரி செய்தாள்.

“ஒம்போது வருஷத்துல அவங்க கை காட்டினா சிரிச்சிருக்கேன், காய்ச்சல்ல சிரிச்சிருக்கேன். எனக்கா வந்து சிரிச்சது அது ஒண்ணுதான். அதைத்தான் நீ தூக்கச் சொல்லியிருக்க.”

அறைக்குப் போய்விட்டாள். மடித்த துணி எல்லாம் கட்டிலிலேயே இருந்தது. நான் எடுத்து வைத்தேன். வேறென்ன செய்ய.

மார்ச் 19

எழுதினேன். எண்ணூறு சொல். படத் தெளிவு பற்றி நூறு, நடிப்பு பற்றி இருநூறு. மிச்சம் முழுக்க அந்த மௌனம். யார் சிரித்தது, ஏன் சிரித்தது, அதை அழிக்கச் சொன்னது யார், எதற்காக. குறட்டையை மட்டும் எழுதவில்லை. அது அவளுடையது. கடைசி வரி: ‘பின்னட்டையில் இருக்கும் வாக்கியங்களை எழுதியவள் பொய் சொன்னாள்; அவளை நம்பி இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம்.’

அம்மாவிடம் தாளை நீட்டினேன். படித்தாள். “போட்டுக்கோ,” என்றாள்.

மார்ச் 20, வெள்ளி

ஆசிரியர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட சகுனம்.

“இது விமர்சனம் இல்ல. பாவமன்னிப்பு.”

“தப்பா எழுதினா திருத்தணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

“ரெண்டு வருஷம் முன்னாடி சொன்னது தப்புன்னா, இப்ப சொல்றதும் தப்பா இருக்கலாம் இல்ல? சிரிப்பு இல்லாம நல்லாத்தான் இருக்குன்னு நீங்களே மூணாவது பத்தியில எழுதியிருக்கீங்க.”

அதுதான் கொல்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை நான். ஒரு தொடர் மேலாகலாம், அதற்காக ஆறு பேரை இல்லாமல் ஆக்கலாமா? கேட்டேன். சொந்தக் கதையை எடுத்துவிட்டால் போடுகிறேன் என்றார். எடுக்க மாட்டேன், பக்கத்தைக் காலியாக விடுங்கள் என்றேன்.

மாலையில் செய்தி அனுப்பினார். ‘போகிறது. ஒரு வரியும் தொடவில்லை. அடுத்த மாதத்திலிருந்து டிவிடி பக்கம் வேறு ஒருவருக்கு.’

சரி.

ஏப்ரல் 2, வியாழன்

இதழ் வந்தது. பொறுப்பாளர் போன் செய்தார். வெண்ணெய் உருகிவிட்டது. அடுத்த அச்சில் என் வாக்கியங்களை எடுத்துவிடுவார்களாம். சிரிப்பு? அது இல்லாததுதானே மேடம், இல்லாததை எப்படிப் போடுவது.

மாலையில் ஒரு வாசகரின் மின்னஞ்சல்: ‘கண்ணீர் வரவழைக்கும் கட்டுரை.’ கண்ணீர் யார் கேட்டது உங்களிடம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் அம்மா என் அறை வாசலில் நின்றாள். கையில் இதழ். பக்கத்தில் விக்கல் அத்தை, அழைத்து வரப்பட்ட சாட்சி மாதிரி. பதினெட்டு நாளில் அவளாக வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

“தப்பா எழுதியிருக்க,” என்றாள்.

என்ன என்றேன்.

“பதினோரு வினாடியும் நான் சிரிச்சேன்னு இருக்கு. என்னால அவ்ளோ நேரம் தனியா முடியாது. நாலு வினாடிதான் என்னுது. அஞ்சாவதுல இவ சேந்துட்டா. என் கையைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சா.”

“அக்காவைத் தனியா விடக்கூடாதுன்னு சேந்தேன்,” என்றாள் அத்தை. “எனக்கு அழுகைதான் வந்துது. வெளில சிரிப்பா போச்சு. விக்கல்கூட வரல அன்னைக்கு.”

“அப்புறம் நாலு பேரும்,” என்றாள் அம்மா. “கடைசில கூட்டம். திருத்தம் போடச் சொல்லு உன் ஆசிரியரை.”

அவர் போட மாட்டார்மா, என் பக்கமே போய்விட்டது என்றேன். கேட்டுப் பார் என்றாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அத்தை நாற்காலியை இழுத்துக்கொண்டாள். “எழுது, நாங்க சொல்றோம்.”

ஏப்ரல் 16, வியாழன்

இதழில், நாற்பத்தோராம் பக்கம், கீழ் மூலையில், மிகச் சிறிய எழுத்தில்:

‘திருத்தம்: சென்ற இதழில் வெளியான “கடைசி அளவு” விமர்சனத்தில், குறிப்பிட்ட காட்சியின் பதினொரு வினாடிச் சிரிப்பு முழுவதும் ஒருவருடையது எனத் தவறாக எழுதப்பட்டிருந்தது. முதல் நான்கு வினாடிகள் மட்டுமே விமர்சகரின் தாயாருடையவை. ஐந்தாவது வினாடியிலிருந்து அவருடன் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்த மற்ற ஐவரும் சேர்ந்துகொண்டனர்.’